ஏன் இங்கேயே நிற்கிறாய்

கடல் இறங்கியதும்
அரோசா கழிமுகத்தில் தொண்ணூற்றொரு பெண்கள்
முழங்கால் பூட்ஸும் வாளியும் வாரியுமாய்ச்
சேற்றுக்குள் நடக்கிறார்கள், மட்டி எடுக்க.
நான் கற்சுவர்மேல், கோப்புகளோடு.

முதல் வருடம் புள்ளி மட்டும் வைத்தேன்.
ஒருத்திக்கு ஒரு புள்ளி, நாளுக்கு ஒரு படம்.
இருநூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியபோது
புள்ளிகள் அசையவே இல்லை.
படகு வைத்திருந்த வீட்டுப் பெண்கள்
மணல் கெட்டியான கிழக்கே.
மலையிலிருந்து கல்யாணமாகி இறங்கியவர்களும்
அவர்கள் பெற்றவர்களும்
ஆற்றுவாயில், இடுப்பளவு குளிரில்.
அழகான படம். துறைத்தலைவர் கைகொடுத்தார்.
அதில் ஒருத்திக்கும் முகமில்லை.
சதுரங்கக் காய்க்கு முகம் எதற்கென்று
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு பேச்சைப் பதிந்தேன்.
முப்பது வருடம் ஆற்றுவாயில் நின்ற ஒப்துலியா சொன்னாள்:
"யாரு என்னை நிறுத்தினது? நானாத்தான் நிக்கிறேன்.
கிழக்கே ஒரே சளசளப்பு.
இங்கே தண்ணி நம்மைத் தனியா விடும்.
எனக்குப் பிடிச்சிருக்கு."

நானூறு பக்கத்தில்
அறுநூற்றுப் பதினேழு முறை அந்தச் சொல்.
எல்லோருக்கும் அவரவர் இடம் பிடித்திருந்தது.
நம்பினேன். நம்பாமலிருக்க நான் யார்?
ஆனால் இரவில் படத்தை விரித்தால்
பிடித்தமெல்லாம் வரிசையில் நின்றது,
கயிறு கட்டி நட்ட நாற்றுப் போல.

படம் பொய்யில்லை. ஒப்துலியாவும் பொய்யில்லை.
இரண்டுக்கும் நடுவே
ஒரு குளிர்காலம் முழுக்கக் காபி குடித்தேன்.

அக்டோபரில் சங்கத்தில் சண்டை.
"சீட்டுப் போடுங்க" என்றாள் நோயெமி,
வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆனவள்.
தக்கைகளில் எண் எழுதிக் கூடையில் குலுக்கினார்கள்.
ஒப்துலியாவுக்குக் கிழக்கு விழுந்தது,
படகுவீட்டு எருந்தினாவுக்கு ஆற்றுவாய்.

முதல் வாரம் எல்லோரும்
விருந்தாளி போல நடந்தார்கள்.
ஒப்துலியாவின் வாரி கெட்டி மணலில் கிரீச்சிட்டது.
சேற்றின் கனத்தை எதிர்பார்த்த மணிக்கட்டு
ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் அதிகமாக இழுத்தது.
அடுத்த வாரம்,
"முதுகுக்கு ஒத்துவரலே, மாத்திக்கலாமா?"
அதற்கடுத்த வாரம் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை படமெடுத்தேன்.
புள்ளிகள் பழைய இடத்தில்.
யாரும் ஆணையிடவில்லை. யாரும் யோசித்து முடிவெடுக்கவில்லை.
மணிக்கட்டு நினைவு வைத்திருந்ததற்கு
மனசு பேர் வாங்கிக்கொண்டது.

ஒரு புள்ளி மட்டும் திரும்பவில்லை.
தனக்கு விழுந்த கிழக்கிலேயே நோயெமி,
பேச்சு நின்றுபோன ஒரு வட்டத்துக்குள்,
கிரீச் கிரீச்சென்று, மோசமாக,
அரை வாளியோடு.
நவம்பரில் சத்தம் குறைந்தது.
டிசம்பரில் அவளுக்கு இடப்பக்கத்துக்காரி
அரை அடி நகர்ந்து கொடுத்தாள்.
அரை அடி.
என் படத்தின் புள்ளி அதைவிடப் பெரிது.
பேட்டியில் யாரும் அதைச் சொல்லவும் மாட்டார்கள்.
நகர்ந்தவளுக்கே தெரியுமோ என்னவோ.

அன்று வாளியோடு ஏறிவந்த ஒப்துலியா
என் முன்னால் நின்றாள். மூக்கு நுனியில் சொட்டு.
"மூணு வருஷமா கேக்கணும்னு இருந்தேன்.
நீ ஏன் இங்கேயே நிக்கிறே?"

உலர்ந்த கல். காற்றுப் படாத மூலை.
நோட்டரிக்கும் நூலகருக்கும் பிறந்தவளின்
ஈரம் பழகாத பாதம்.
எதுவும் வாய்க்கு வரவில்லை. வந்தது:
"எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் சிரிக்கவில்லை.
பழைய வாரியொன்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் இறங்கினேன்.
முதல் அடியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டது,
இரண்டாவதில் யாரோ சிரித்தார்கள்.
எந்தப் பக்கம் போவதென்று
நான் தீர்மானிப்பதற்குள்
கால் கிழக்கே திரும்பியிருந்தது.